ஏசி மரம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். போனை எடுத்து முதல் வரியைத் தட்டும்போதெல்லாம் தாம்பரத்தில் யாருக்காவது பிரியாணிப் பசி வந்துவிடும், ஆர்டர் மணி அடிக்கும். பிரியாணி ஆறிவிடும், மரம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பாதி வழியில்தான் உறைக்கும், அது இல்லாமல் போனதால்தானே இவ்வளவு பேச்சு என்று. அதோடு எழுதுகிற ஆசை போய்விடும்.

இப்போது வேறு வழியில்லை. நேற்றிலிருந்து விடாத மழை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் முட்டிவரை தண்ணீர். வண்டியின் சைலன்சருக்குள் தண்ணீர் போய் அது படுத்துவிட்டது. கட்டிலில் அம்மா, தரையில் நான், வெளியே ஐப்பசி. நான் பத்தாவதோடு நின்றவன். இதில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். படித்தவர்கள், உங்களுக்கும் ஒரு வேலை வேண்டும்.

அம்மா இஸ்திரி போடுகிறவள். போட்டவள் என்றுதான் எழுத வேண்டும், இன்னும் பழகவில்லை. ஸ்கூலில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சர் வீட்டுக் காம்பவுண்டை ஒட்டி அவளுடைய தள்ளுவண்டி நிற்கும். அதன்மேல் பழைய கம்பளி, அதன்மேல் வெள்ளைத் துணி, ஒரு ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம், இன்னொரு ஓரத்தில் கரி போட்டு ஊதும் பித்தளைப் பெட்டி. அந்தப் பெட்டியைச் சின்ன வயதில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கலாம் என்று முடிவு செய்தேன். பிறகு அல்ஜீப்ராவைப் பார்த்துவிட்டு அந்த முடிவையும் மாற்றிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் ஸ்கூல், மீதிப் பேர் ஆபீஸ். சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டைகள் வண்டியில் மலை மாதிரி குவியும். சட்டையைக் கொடுக்க வருகிறவர்கள் சட்டையை மட்டும் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். மருமகள் பேச்சு, மாமியார் பேச்சு, யார் வீட்டை யார் வாங்கினார்கள் என்ற பேச்சு, எல்லாம் அம்மாவிடம் வந்துதான் சேரும். அப்பா போன பிறகு அம்மாவை நிமிர்த்தி நிற்க வைத்தது நானில்லை, அந்த வண்டிதான். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் வீட்டில் உட்காரச் சொன்னேன்.

"நீ எடுத்துகினு வர்ற பிரியாணி எல்லாம் ஊரான் வூட்டு பிரியாணி" என்றாள். "தெருவே என்னாண்ட வந்து நின்னு பேசிட்டு போவுது. வூட்ல குந்திகினா யாரு வருவா? நீ கூட சோத்துக்குத்தான் வருவே."

அது உண்மை. தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தேன்.

வண்டிக்கு மேலே முன்பு ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ஒரு புயலில் அது தெருவுக்குக் குறுக்கே சாய்ந்தது. அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து மத்தியான வெயில் நேராக அம்மாவின் தலையில். மேலே வெயில், கையில் நெருப்பு. தார்ப்பாய் கட்டிப் பார்த்தோம். கரிச் சூடு மேலே போக வழியில்லாமல் தார்ப்பாய்க்கு அடியிலேயே நின்று அவள் இட்லி மாதிரி வெந்தாள். பெரிய குடை வைத்தோம். லாரி போனால் குடை லாரியோடு கிளம்பியது. வண்டியை வேறு நிழலுக்குத் தள்ளலாம் என்றால், தெருவில் மிச்சம் இருந்த ஒரே நிழலில் இளநீர்க்காரன் வண்டி நின்றது. அவனுக்கும் அம்மா உண்டு.

ஒரு வைகாசியில் அம்மாவுக்குத் தலை சுற்றி வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஜிஎஸ்டி ரோட்டில் உள்ள கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பிரஷர் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"இனிமே வெயில்ல நிக்கவே கூடாதும்மா. ஒரு நாள் அப்படியே விழுந்துடுவீங்க" என்றார்.

"அப்ப வெயிலை கொஞ்சம் நவுந்து நிக்க சொல்லு சார்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து, சாவியைப் போடாமலே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்து, "பெட்ரோல் போட்டியாடா, இல்ல என்னிய தள்ள சொல்லப்போறியா" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் என் நண்பன் வருகிறான். ஸ்கூலில் ஒரே பெஞ்ச், ஒரே மார்க். அவன் ஏசி மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளிர் கொடுத்துவிட்டு அவன் வீட்டில் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கிறவன். அன்று சாயங்காலம் அவனிடம் சொன்னேன். அவன் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே, "மரம் வைக்கலாம்டா மச்சான்" என்றான்.

"நிழல் எப்ப வரும்?"

"நாலு வருசம்."

"அது வரைக்கும் எங்கம்மா?"

"உன்னியே இம்மா வருசமா வளத்துச்சு. அதுக்கு ஒரு மரத்தை வளக்கத் தெரியாதா. மரம் எதுத்துப் பேசாது வேற."

உடனே வைக்கலாம் என்றேன். வெயிலில் வைத்தால் செத்துவிடும், ஐப்பசி வரட்டும் என்றான். தீபாவளி ஒட்டி மழை பிடிக்கும், அதற்கு முன்னால் நட்டுவிட்டால் மார்கழிவரை வானமே தண்ணீர் ஊற்றும், வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும் என்பது அவன் கணக்கு. அவனுக்குத் தெரிந்த ஒரே விவசாயம் அதுதான், அதையும் யாரோ ஏசி ரிப்பேருக்குப் போன வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

ஐப்பசியில் குன்றத்தூர் போகிற ரோட்டில் ஒரு நர்சரிக்குப் போனோம். செடி விற்கிற அக்கா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா மரம் வோணும்?"

"சீக்கிரம் வளரணும். ஆடு திங்கக்கூடாது. தண்ணி ஊத்த மறந்தாலும் சாவக்கூடாது" என்றான் நண்பன்.

"அதுக்கு நீ பிளாஸ்டிக் மரம்தான் வாங்கணும். டீநகர் போ."

கடைசியில் புங்கன் கொடுத்தாள். என் நெஞ்சு உயரம், கறுப்புக் கவரில். நண்பன் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் அதன் இலை என் காதில் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டே வந்தது. தாம்பரம் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "இன்னாப்பா, பொண்ணு தூக்கினு போறியா" என்றார். "ஆமாண்ணா, எங்கம்மாவுக்கு மருமக" என்றேன். அம்மாவும் அதைக் கடைசிவரை மருமகள் என்றுதான் சொன்னாள். என் கல்யாணத்தைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் நம்பிக்கை.

நண்பனுடைய அப்பா கொத்தனார். அவருடைய கடப்பாரையைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தான். வண்டி நிற்கிற இடத்துக்கு நேர் பக்கத்தில் குத்தினோம். டங் என்றது. எங்கள் பக்கம் ஒருகாலத்தில் ஏரிப் பள்ளம். இடித்த வீடுகளின் குப்பையைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கொஞ்சம் செம்மண் தூவி மனை போட்டார்கள். குத்தக் குத்த டைல்ஸ் வந்தது, கம்பி வந்தது. ஒரு பீங்கான் துண்டைக் கையில் எடுத்து நண்பன் உற்றுப் பார்த்தான்.

"மச்சான், யாரோட கக்கூஸோ தெர்ல."

"மோந்து பாத்து சொல்லு."

உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கோபத்தில் அவன் கடப்பாரையை ரோடு பக்கமாகத் தள்ளி ஒரு குத்து குத்தினான். அது சத்தமில்லாமல் பாதிவரை இறங்கியது. இன்னொரு குத்து. அங்கேயும் அப்படியே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அல்வா மாதிரி கீது மச்சான்" என்றான்.

வண்டியில் யாருடைய பேண்டையோ மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "ஊரெல்லாம் கல்லா கீது, அங்க மட்டும் ஏன்டா மெத்துனு கீது?"

"குன்றத்தூர் முருகன் உனுக்காகக் கொத்தி வச்சிகீறாருமா" என்றான்.

அம்மா கரிக் கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குழி தயார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கடப்பாரை இறங்குகிற இடம்தான் மண், இறங்காத இடம் கட்டிடம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த பூமி.

சத்தம் கேட்டு டீச்சர் வெளியே வந்தார். ரிட்டையர் ஆகித் தனியாக இருப்பவர். எங்கள் இரண்டு பேருக்கும் சயின்ஸ் எடுத்தவர். ஒளிச்சேர்க்கைக்குப் படம் வரையச் சொன்னபோது நான் ஒரு மரத்தை வரைந்து அதன் அடியில் இவன் தூங்குவது போல வரைந்து, அம்புக்குறி போட்டு 'பயன்' என்று எழுதினேன். அதற்கு ஒரு மார்க் போட்டவர். நல்ல மனுஷி.

"டேய், வேர் என் காம்பவுண்டுக்குள்ள வந்துடாதே?"

"புங்கன் ஒயுங்கான மரம் டீச்சர். எங்கள மாதிரி இல்ல."

"அப்ப சரி. தண்ணி யார் ஊத்துவா? நீயா? நீ ஹோம்வொர்க்கே ஒரு நாளும் கொண்டுவந்ததில்ல."

நண்பன் மேலே பார்த்தான். டீச்சரின் மாடி அறை ஏசியிலிருந்து ஒரு டியூப் தொங்கி, சொட்டுச் சொட்டாகக் காம்பவுண்டுக்குள் வடிந்துகொண்டிருந்தது. பையிலிருந்து நீளமாக ஒரு டியூபை எடுத்து அதோடு சேர்த்து, சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து செடியின் காலடியில் விட்டான். டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். "ஸ்கூல்ல இந்த மூளையை எங்கடா வச்சிருந்தே?" என்றார்.

அன்று முதல் அதற்குப் பேர் ஏசி மரம்.

கடப்பாரை அன்றைக்கு எங்கள் வீட்டில் வைத்ததுதான். அவன் அப்பா தேடினால் இவன் என்னைக் காட்டுவான், அவர் என்னைக் கேட்டால் நான் இவனைக் காட்டுவேன். பிறகு அவர் வேறு வாங்கிவிட்டார்.

மழை அந்த வருடம் நன்றாகப் பிடித்தது. தை மாதம் மரம் என் உயரம். முதல் வெயிலில் வாடிவிடும் என்று பயந்தோம். வாடவில்லை. பக்கத்துத் தெருவில் குச்சி வேலி போட்டு, போர்டு வைத்து, போட்டோ எடுத்து நட்ட கன்றுகள் எல்லாம் துடைப்பக் குச்சியாக நின்றபோது இது மட்டும் தளதளவென்று இருந்தது. நண்பன் தெருவில் வருகிறவர்களை நிறுத்திச் சொல்வான், "கம்ப்ரசர் தண்ணி அண்ணா. சுத்தமான தண்ணி. மினரல் வாட்டர் குடிச்சி வளந்த மரம்."

நான்காவது வருடத்துக்குக் காத்திருக்க வேண்டிவரவில்லை. மூன்றாவது பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டு இளம்பச்சையில் ஒரே வாரத்தில் துளிர்த்தது. சித்திரை வெயில் வந்தபோது வண்டி முழுக்க நிழல். மெல்லிய நிழல்தான், காற்று வந்தால் நகரும். ஆனால் அம்மா அதில் நின்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு நான் பைக்கில் போகும்போது அவள் நெற்றியில் வேர்வை மட்டும் இருக்கும், முகத்தில் வெயில் ஏறிய சிவப்பு இருக்காது. அதைப் பார்ப்பதற்காகவே ஆர்டர் எந்தப் பக்கம் வந்தாலும் எங்கள் தெரு வழியாகப் போவேன். "ரூட்டு மாறிட்டீங்க" என்று ஆப்பில் பெண் குரல் திட்டிக்கொண்டே இருக்கும்.

பூக்கும் காலத்தில் பொரி மாதிரி பூ கொட்டியது. அம்மா சட்டையை விரிப்பாள், பூ விழும், ஊதுவாள், பெட்டியை வைப்பாள், மறுபடி பூ விழும். எவ்வளவு ஊதியும் சில பூ மடிப்புக்குள் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் சர்ச்சிலிருந்து வந்ததும் நேராக வண்டிக்கு வந்தார். "ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன், மடியிலேர்ந்து பூவா கொட்டுது. பக்கத்துல இருக்கவங்க என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க" என்றார்.

"பூவுக்குத் தனியா துட்டு கேக்கல டீச்சர், சந்தோசப்படு" என்றாள் அம்மா.

நிழல் வந்ததும் அதற்கு ஆள் வந்தது. பைக் வந்தது, நாய் வந்தது. நாலு வீட்டுக்கு வாடகை வாங்கும் ஊர்க்காரர் ஒருவர் தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா கார் கண்ணாடியைத் தட்டி, "சார், இது சட்டைக்கு வச்ச மரம். உன் காருக்கு நீ ஒண்ணு வச்சிக்கோ" என்றாள். அவர் காரை எடுத்தார். அவர் சட்டையும் அம்மாவிடம்தான் இருந்தது.

அதற்கு அடுத்த வருடம் வெயில் தொடங்கியதுமே டீச்சர் ஒரு மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மாடி அறை பூட்டியிருந்தது, ஏசி ஓடவில்லை, டியூபில் ஒரு சொட்டு இல்லை. மரம் எப்போதும் போலப் பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தினமும் போனேன். என் நண்பன் அதன் அடியில் உட்கார்ந்துதான் டீ குடித்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. சயின்ஸில் நாங்கள் வாங்கிய மார்க் நியாயமான மார்க்தான்.

டீச்சர் திரும்பி வந்த மாதம் தெருவில் குடிதண்ணீர் நாறத் தொடங்கியது. முதல் குடம் பழுப்பாக வரும், பிறகு தெளியும். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டுக்கும் வாந்தி பேதி, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. டீச்சருக்கும் வயிறு சரியில்லை. அவர்தான் போன் போட்டு, மறுபடி போட்டு, கடைசியில் குழாய் வேலைக்காரர்களை வரவழைத்தார். அவர் செய்தது சரிதான். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன், எனக்கு நம்பர் தெரியாது.

அவர்கள் தெரு முனையிலிருந்து கம்பியால் தட்டித் தட்டி வந்து மரத்தின் அடியில் நின்றார்கள். வயதான ஒருவர் குத்துக்காலிட்டு மண்ணை எடுத்துப் பிழிந்து பார்த்தார். சித்திரை மாதம். மண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"யாரு இத லைனு மேலயே வச்சது?" என்றார்.

எனக்கு அம்மா அன்று கேட்டது ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் கல்லாக இருக்க அந்த இடம் மட்டும் ஏன் மெத்தென்று இருந்தது என்று இப்போது புரிந்தது. குழாய் போடுவதற்காகக் குப்பையையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, மண் கொட்டி மூடிய பள்ளம் அது. முருகன் கொத்தி வைக்கவில்லை.

தோண்டினார்கள். இடுப்பு ஆழத்தில் குழாய். இரண்டு குழாய் சேருகிற இடத்தில் கசிவு, அந்தக் கசிவுக்குள் வேர். பெரியவர் அதைப் பிடித்து இழுத்தார். சவுரி முடி மாதிரி நீளமாக, வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் விடாத நாளில் குழாய் காலியாக இருக்கும்போது, சுற்றியுள்ள சாக்கடைத் தண்ணீர் இந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறது, மறுநாள் அதுதான் குடத்தில் வருகிறது என்றார். ஏசி டியூப் ஓரமாகக் கிடந்தது. அதன் நுனியில் எறும்பு கூடு கட்டியிருந்தது.

நான் போன் போட்டதும் நண்பன் வந்தான். வேலையைப் பாதியில் விட்டு, தோளில் கேஸ் சிலிண்டரோடு வந்தான்.

"அண்ணா, பைப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுடலாம். பள்ளம் நாங்களே எடுத்துத் தர்றோம்" என்றான்.

"எங்கப்பா தள்றது? அந்தாண்ட காம்பவுண்டு, இந்தாண்ட ரோடு. தள்னாலும் தண்ணி எங்க கீதோ அங்கதான் வேர் வரும்." பெரியவர் சொன்னது கோபமாக இல்லை. "கொயந்தைங்க குடிக்கிற தண்ணி தம்பி."

"அண்ணா, எங்கம்மா வெயில்ல நிக்கக்கூடாதுண்ணா" என்றேன். எப்போதும் ஏதாவது ஒரு நக்கல் வாயில் வரும். அன்றைக்கு வரவில்லை.

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவரும் அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வெட்டிக்கோங்க. இந்த நாலு வெள்ளைச் சட்டைய மட்டும் மடிச்சி உள்ள வச்சிக்கிறேன். தூளு பறந்தா கறை புடிச்சிக்கும்."

நாலையும் மடித்தாள். அவசரப்படவில்லை. காலர், கை, மறுபடி காலர். மெஷின் ரம்பம் வைத்திருந்த பையன் ரம்பத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். மேலிருந்து ஒரு பூ விழுந்தது. அவள் ஊதினாள். பிறகு சட்டைகளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குள் போனாள். மரம் விழுந்து, தூர் எடுத்து, குழாயை மாற்றி, சிமெண்ட் பூசி முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

சாயங்காலம் நண்பனும் நானும் அந்த ஈர சிமெண்ட் பக்கத்தில் நின்றோம். அவன் ஏசி டியூபைச் சுருட்டிப் பைக்குள் போட்டான். "நம்ம ஏசி தண்ணிய ஒரு சொட்டுகூட அது குடிக்கல இல்ல மச்சான்" என்றான். குழந்தைகளுக்கு அந்த வாரமே சரியாகிவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது. நான் அதில்தான் குளிக்கிறேன், குடிக்கிறேன். யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்தேன். ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பேஜார்.

அம்மா மறுநாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அதே இடத்துக்குப் போனாள். நிழலில் நின்று பழகிய உடம்பு, முன்பைவிடச் சீக்கிரம் சோர்ந்தது. வீட்டில் இருக்கச் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், வண்டியின் சக்கரத்தைக் கழற்றி ஒளித்தும் வைத்தேன். தெருவில் இருக்கிற பாதிப் பேர் வந்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டார்கள். அவ்வளவு பிரியம்.

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் விழுந்தாள். விழும்போது பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. விட்டிருந்தால் சட்டை எரிந்திருக்கும் என்று பிறகு சொன்னாள். பெட்டி அவள் வலது கைமேல் கவிழ்ந்தது, கரியெல்லாம் கொட்டியது. டீச்சர்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நான் அப்போது சேலையூரில் ஒரு வீட்டுக்கு ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தேன். உருகாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று ஐந்து ஸ்டார் போட்டார்கள்.

புண் ஆறிவிட்டது. விரல்கள் மடங்குவதில்லை. சோறு இடது கையில் ஸ்பூனால் சாப்பிடுகிறாள். முதல் நாள் ஸ்பூனைப் பார்த்து, "டீச்சர் வூட்டு சோறு மாதிரி கீது" என்றாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வண்டி வாசலில், சங்கிலி போட்டு, மேலே பிளாஸ்டிக் குடங்கள். ஜிஎஸ்டி ரோட்டில் நீராவி இஸ்திரிக் கடை ஒன்று வந்திருக்கிறது, வீட்டுக்கே வந்து துணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். முதலில் தினமும் யாராவது அம்மாவைப் பார்க்க வந்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது டீச்சர் மட்டும். அவர் ஒருமுறை ஒரு காட்டன் புடவையைக் கொண்டுவந்து, நீயாவது போட்டுக் கொடுடா என்றார். போட்டேன். நடுவில் பெட்டி அளவுக்கு ஒரு முக்கோணம் கருகியது. அவர் விரித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, உள்மடிப்புல போயிடும்" என்றார். அது முந்தானை.

இதை எழுதும்போது அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு இடது உள்ளங்கையால் தலையணை உறையை நீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு சுருக்கம் போனால் இன்னொன்று. வாசலுக்கு யார் வந்தாலும் தலையைத் தூக்குகிறாள். பெரும்பாலும் நாய்தான். "மழை விட்டா வண்டிய தொடச்சி வை. துரு புடிச்சிடும்" என்கிறாள். துடைத்து வைப்பேன். துரு பிடித்து வெகுநாளாயிற்று.

காலையில் நண்பன் போட்டோ அனுப்பியிருந்தான். அதே நர்சரி, அதே பிளாஸ்டிக் சேர், கறுப்புக் கவரில் ஒரு புங்கன். கீழே, 'அக்கா எடுத்து வச்சிகீது. இந்தவாட்டி பைப்பு எங்க போவுதுனு கேட்டு வச்சிகீறேன். ஐப்பசி போய்டும், இன்னா சொல்ற' என்று எழுதியிருந்தான்.

நான் நீளமாகப் பதில் போட்டேன். இப்போது நட்டால் நிழல் வர மறுபடி மூணு வருசம், நாலு வருசம். யாருக்குடா அந்த நிழல்? வண்டி வாசலில் கிடக்கிறது, கை மடங்காது, தெருவே நீராவிக் கடைக்குப் போய்விட்டது. ஒரு நல்ல மரத்தை வளர்த்து அந்த ஊர்க்காரர் காருக்குக் கொடுக்கவா? அந்த இடத்தைத் தாண்டும்போது நான் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். அம்மா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு வருகிறாள், அதை நிறுத்த எந்த மரத்தாலும் முடியாது. என்னால் இன்னொரு முறை ஒரு இலை துளிர்க்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது மச்சான், என்னை விட்டுவிடு. இப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். டபுள் டிக் விழுந்தது, நீலமானது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

'கடப்பாரை உங்க வூட்லதான கீது, எடுத்துகினு வா.'